தலையணையைக் கிழித்துப் பார்

மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். அயனம்பாக்கம் ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் இருக்கிறது, அதனால் கொசுவும் இருக்கிறது. நீ நலமா என்று நான் கேட்கவில்லை. நலமாக இருந்த காலத்தில் உனக்கு என் நினைப்பு வந்ததே கிடையாது. இப்போது வந்திருக்கிறதென்றால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். காபி கொடுத்தேன். டம்ளரை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “அவளுக்கு மாலத்தீவுல டீச்சர் வேலை கெடச்சிருக்கு. ரெண்டு வருஷம். எப்படிப் போறது, என்னென்ன எடுத்துட்டுப் போறதுன்னு உங்களத்தான் கேக்கணும்னா” என்றார். பாவம், நல்ல பிள்ளை. பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மீதி பாதியை வாசலில் செருப்பு மாட்டும்போது தரையைப் பார்த்துச் சொன்னார்: “நித்யாவ நீங்க வச்சிப்பீங்களான்னும் கேக்கச் சொன்னா.” மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிய கேள்வியைச் செருப்போடு சேர்த்துக் கேட்டனுப்பியிருக்கிறாய். கடல் தாண்டப் போகிறவளுக்குப் பூந்தமல்லியிலிருந்து கிளம்பி, நடுவில் இருக்கும் வேலப்பன்சாவடியைத் தாண்டி இங்கே வர முடியவில்லை.

ஆக, உன் கேள்வி இரண்டு. முதல் கேள்விக்கு விவரமாகவே பதில் எழுதுகிறேன். அந்த நாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்ததில்லை. எண்பத்து மூன்றில் போய் ஐந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவளை, அந்த ஊர் எப்படி இருந்தது என்று இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. டேப் ரிக்கார்டர் எங்கே என்று கேட்டீர்கள். குடை கேட்டீர்கள், சென்ட் பாட்டில் கேட்டீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. கதைப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. இதில் அப்படிச் செய்யாதே. நடுவில் இருப்பதெல்லாம் உன் உடம்புக்கும் மானத்துக்கும் வேண்டியது.

முதலில் வழி. எனக்குத் தெரிந்தது திருவனந்தபுரம் வழிதான். ரயிலில் அங்கே போய் விமானம் ஏறு. ஏறி உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் பிஸ்கட்டைப் பிரித்துத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டால் ஊர் வந்துவிடும். ஜன்னலோர இடம் கேட்டு வாங்கு. மேலிருந்து பார்த்தால் தீவுகள் தரையில் சிந்திய தோசை மாவு மாதிரி வட்டம் வட்டமாகக் கிடக்கும். கடலில்தான் இறக்கப்போகிறான் என்று தோன்றும். பயந்து பக்கத்து ஆளின் கையைப் பிடித்துவிடாதே. நான் பிடித்தேன், அவர் ஒரு மீன் வியாபாரி, இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். விமான நிலையமே தனியாக ஒரு தீவு. அங்கிருந்து தலைநகர் மாலேவுக்குப் படகு. அதை அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். படகுக்காரர் கை நீட்டினால் வெட்கப்படாமல் பிடித்துக்கொண்டு ஏறு. நான் வெட்கப்பட்டு ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி அந்தத் தலைநகருக்குள் நுழைந்தேன். மாலேவிலிருந்து உன் தீவுக்கு இன்னொரு படகு. அதில் வெறும் வயிற்றோடும் ஏறாதே, வயிறு நிறையத் தின்றுவிட்டும் ஏறாதே. இரண்டு ரஸ்க், கையில் ஒரு எலுமிச்சம்பழம், போதும். நடுவில் உட்கார், கண்ணைத் தூரத்தில் வை, தண்ணீரைப் பார்க்காதே. தை மாசத்திலிருந்து சித்திரை வரை கடல் சாதுவாக இருக்கும். வைகாசிக்கு மேல் காற்று திரும்பிவிடும், அப்போது படகு வரும் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதே.

அடுத்தது சுங்கச் சோதனை. இதைக் கவனமாகப் படி. சாராயம், பன்றி இறைச்சி, சாமி சிலை, இந்த மூன்றும் அந்த நாட்டுக்குள் போகாது. அது அவர்கள் சட்டம், பிழைக்கப் போகிறவர்கள் அதில் வாதம் செய்ய முடியாது. உன் பெட்டியை நீயே அடுக்கு. மற்றவர்கள் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வை. பிரித்துப் பார்க்க முடியாததை வாங்காதே. இதை நான் எங்கே கற்றேன் என்றால், உனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி ஜனம் என்னை வழியனுப்ப வந்தது. கோயம்புத்தூர்க்காரி பருப்புப் பொடி கொடுத்தாள், மதுரைக்காரி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள். உன் தனம் அத்தை அம்பத்தூரிலிருந்து ஒரு புதுத் தலையணை எடுத்து வந்தாள். உன் அப்பாவின் அக்கா, பிள்ளையில்லாதவள், அடுத்த நாளிலிருந்து உன்னைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறவள். “அவங்க ஊட்டுத் தலகாணியெல்லாம் எப்டி கீதோ இன்னாவோ. நம்ம எலவம்பஞ்சும்மே இது. வச்சிக்கினு தூங்கு” என்றாள். கட்டிப்பிடித்து அழுதேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அங்கே அதிகாரி, “சிலை ஏதாவது உண்டா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். டீச்சர் தோரணையில் சொன்னேன், கொஞ்சம் கோபமாகக்கூட. அவர் தலையணையை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை அமுக்கினார். பிளேடு எடுத்து ஓரத்தைக் கிழித்தார். பஞ்சு பறந்தது, மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது, அதைப் பிரித்தால் குங்குமமும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளி அம்மன் முகமும். உங்கள் குலதெய்வம் பச்சையம்மன். எனக்குத் தெரியாமல், எனக்குக் காவலாக, தனம் அத்தை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். அதிகாரியின் வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் குங்குமம். அவர் கத்தவில்லை. “பொய் சொன்னீர்கள்” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. தலைமுடியெல்லாம் பஞ்சோடு ஒரு பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். பள்ளியிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போனார். அம்மனை ஒரு உறையில் போட்டு, ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இந்தக் கதை என் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் அரை வருஷம் ஆசிரியர் அறையில் நான் யார் என்றால், பொய் சொல்லி வந்த இந்தியக்காரி.

உன் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். “தனம் அத்தைகூட அவளுக்குன்னு ஒரு தலகாணி தச்சிட்டிருக்காங்க.” அவளுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை, ஊசியில் நூல் கோக்க எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள். முட்டி வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. அவளால் முடிந்திருந்தால் என் வாசலில் மொபெட் நின்றிருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். கண் தெரியாதவள் மெனக்கெட்டு ஏன் தலையணை தைக்கிறாள் என்று யோசித்தாயா? இதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு நாள் முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்தேன். நீ அதே பெஞ்சில், தலையெல்லாம் பஞ்சோடு, பொய் சொன்னவள் என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. துணி மடிக்கும்போது தனியாகச் சிரித்தேன், உன் அப்பா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தலையணையை வாங்கிக்கொள், அவள் மனசு நோகவேண்டாம். வீட்டுக்கு வந்து கிழித்துப் பார்.

முதல் லீவுக்கு ஊர் திரும்பியபோது அம்மனை வாங்க மறந்துவிட்டேன். கவுண்டரைத் தாண்டித்தான் நடந்தேன், சீட்டும் கைப்பையில்தான் இருந்தது, ஞாபகமே வரவில்லை. நேராக அம்பத்தூர், அத்தை வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, அவள் கேட்டது, “அம்மன் எங்கம்மே?” நான் முழித்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ அவளுக்குப் பின்னால் நின்றாய். அவள் முந்தானையைப் பிடித்து முகத்தில் மூடிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினாய். உயரமாகியிருந்தாய். நான் அனுப்பிய கவுனைப் போடவில்லை. “வாடி” என்று கை நீட்டினேன். நீ இன்னும் இறுக்கினாய். “போ கண்ணு, உங்கம்மாடி, போ” என்று சொல்லி உன்னை முன்னால் தள்ளினாள். தள்ளிய கைதான் முன்னால் வந்தது, நீ வரவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். உதடு, “ஐயே, பயக்கம் உட்டுப்போச்சி, அதான் வரமாட்டேங்குது” என்று வருத்தப்பட்டது. மற்ற முகமெல்லாம் பண்டிகை கொண்டாடியது. அந்த முகத்துக்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அவள் செத்தால் போவேன், மாலை போடுவேன், அவ்வளவுதான்.

அந்த லீவிலேயே ஒருநாள், உனக்குத் தலைவாரிவிடலாம் என்று சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அத்தைதான் வாரவேண்டும் என்றாய். ஏன் என்றேன். நீ என்னை நேராகப் பார்த்து, அப்படியே அத்தையின் குரலில், “சாமியவே உட்டுட்டு வந்தவங்க, கொயந்தய உடறதா பெருசு?” என்றாய். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் பார்த்தது உன்னை இல்லை, அந்த ‘வந்தவங்க’ளை. அத்தை ‘வந்தவ’ என்றுதான் சொல்லியிருப்பாள். மரியாதை உன் சொந்தச் சரக்கு. என்னை ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் அன்றிலிருந்து ‘நீங்க’ என்றாள், பத்திரம் எழுதுகிற ஆளிடம் பேசுவது போல. இன்றைக்கும் அப்படித்தான். உன் பெண்ணும் ஒருநாள் உன்னை நீங்க என்பாள். மருமகள்கள்தான் மாமியாரை அப்படிக் கூப்பிடுவார்கள், உனக்கு அது பெற்ற பெண்ணிடமிருந்தே கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காய்கறிக்கு ஏங்கிப்போவாய். வெங்காயம், உருளைக்கிழங்கு படகில் வரும், கீரையும் கத்திரிக்காயும் கனவில் வரும். புளி, மிளகாய்த்தூள், அப்பளம், பெருங்காயம் எடுத்துப் போ. ஊறுகாய் பாட்டிலை இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, துணியோடு வைக்காமல் தனியாக வை. என் நல்ல புடவை ஒன்று மதுரை எலுமிச்சையில் ஊறிப் போனது. மீன் விதவிதமாகக் கிடைக்காது, சூரைதான், காலை மத்தியானம் ராத்திரி சூரை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மாசி என்று கடினமான கருவாடு ஒன்று வரும், அதன் தாய்வீடு அந்த ஊர்தான். அதைத் தூளாக்கி, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் போட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாதிரி ஒன்றோடு காலையில் சாப்பிடுவார்கள். முதல் வாரம் மூக்கைப் பொத்துவாய். இரண்டாம் மாதம் இன்னொரு கை கேட்பாய். குடிக்க மழைத்தண்ணீர், தொட்டியில் பிடித்து வைத்திருப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் குளித்தால் முடி கொட்டும். உன் முடியைப் பற்றி அத்தை அவ்வளவு பெருமைப்படுவாளே, அதற்காகச் சொல்கிறேன். கடலில் வெறுங்காலோடு இறங்காதே. பவளப்பாறை கிழித்த காயம் லேசில் ஆறாது. கல்லு மாதிரியே ஒரு மீன் கிடக்கும், மிதித்தால் உயிர் போகிற வலி. அப்போது காலைப் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் வைத்துக்கொண்டு ஆளை மருத்துவரிடம் ஓடவிடு. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், பழக மாசக்கணக்காகும். கையும் காலும் மூடி உடுத்து. அவர்கள் பாஷையில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள், வலமிருந்து இடமாக எழுதுவார்கள், உன் பெயரை எழுதச் சொல்லிப் பார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேங்காய் வெட்டித் தருவார்கள். அவர்களில் ஒருத்திக்கு உன் குழந்தையின் ஜாடை இருக்கும். எல்லாருக்கும் அப்படி ஒருத்தி அகப்படுவாள். அவளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாதே, அவளும் படித்து முடித்துப் போய்விடுவாள்.

இப்போது போன் விஷயம். உன் காலத்தில் சுலபமாகிவிட்டது என்கிறார்கள், எங்கள் வீட்டிலும் போன் இருக்கிறது. என் காலத்தில் என் தீவில் கிடையாது. வீட்டோடு பேச வேண்டுமென்றால் மாலேவுக்குப் படகு ஏறவேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டே போவேன். தொலைபேசி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்பத்தூரில் அத்தை வீட்டுக்கு எதிரே இருந்த ரைஸ் மில்லுக்கு லைன் போட்டுக் கொடுப்பார்கள். மில்காரர் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட ஓடுவார். அரவைச் சத்தத்தையே நான் கேட்டுக்கொண்டிருப்பேன், அதுவும் நம்மூர்ச் சத்தம்தானே என்று. ஆரம்பத்தில் நீ ஓடி வந்தாய். ஸ்கூலில் ரேங்க் சொன்னாய். ஒருமுறை, உன் பிறந்த நாளுக்கு என்று கடல் பொங்குகிற மாசத்தில் போனேன். அன்று மில் ஓடவில்லை, அதனால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. மில்காரர், “பாப்பா, உங்கம்மா பேசறாங்கோ, வா” என்றார். வாசலிலிருந்து உன் குரல்: “நா தூங்கறேன்னு சொல்லிடு.” மில்காரர் நல்லவர். போனை எடுத்து, “கொயந்த தூங்குதும்மா” என்றார். நான், “எழுப்ப வேண்டாம்” என்றேன்.

இதைப் படித்து நீ அழுவாய் என்றால், அவசரப்படாதே. அடுத்ததைப் படி. அன்று படகில் திரும்பும்போது அழுதேன். மறுநாள் காலை எழுந்து, பிசைந்த மாசியைத் தின்றுவிட்டு, பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் கடற்கரையில் கயிற்று வலை பின்னிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஊரில் தெருவெல்லாம் அப்படி நாற்காலி போட்டிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். காற்று வந்தது. காபி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வேட்டியைத் தோய்த்தாயா, குழம்பில் ஏன் உப்பில்லை, எதுவும் இல்லை. என் அறைக்கு ஒரு சாவி இருந்தது, அதை நான்தான் வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து எனக்கென்று இருந்த முதல் சாவி அது. நான் சந்தோஷமாக இருந்தேன், மகளே. குடும்பத்துக்காகக் கஷ்டப்பட்டாள் என்று உன் அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லுவாரே, அது அவர் தன் மானத்துக்குச் சொல்லிக்கொள்வது. இந்த அயனம்பாக்கம் வீடு அந்தத் தீவில்தான் முளைத்தது, சரி. ஆனால் ரெண்டு வருஷம் என்று போனவள் ஐந்து வருஷம் இருந்தது வீட்டுக்காக இல்லை. நீ இல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்துத்தான் போனேன். இருக்க முடிந்தது. நன்றாகவே முடிந்தது. அந்த ஊரைப் பற்றி நான் தரக்கூடிய தகவல்களில் இதுதான் முக்கியமானது: நீயும் அங்கே சந்தோஷமாக இருப்பாய். பெட்டியில் அதற்கு இடம் விட்டு அடுக்கு.

உன் கல்யாணத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மண்டபம் நிறைய ஜனம். ஐயர், “பொண்ணத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா அம்மா வாங்கோ” என்று கூப்பிட்டார். நான் பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு இரண்டு படி ஏறிவிட்டேன். நீ மாலைக்குள்ளிருந்து, ஒரு சத்தமும் போடாமல், காய்கறி விலை சொல்வது போல, “தனம் அத்தையும் மாமாவும் உக்காரட்டும்” என்றாய். மேளக்காரர்கூட என்னைப் பார்த்தார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு பந்தி விசாரிக்கப் போய்விட்டார். ஆண்மையைக் காட்ட அன்று அவருக்கு அகப்பட்ட இடம் சாம்பார் வாளி. நான் ஏறிய படியில் இறங்கினேன். கீழே நின்று, அத்தை கைமேல் உன் கை, அதன்மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்தேன். மற்றவர்களோடு சேர்ந்து அட்சதையும் போட்டேன், கொஞ்சம் வேகமாகவே. உன் நெற்றியில் பட்டு நீ கண்ணை மூடினாய். ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பாய்.

நீ செய்தது நியாயம்தான் என்று இன்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். நீ செய்தது கொடுமை. நான் செய்ததும் உனக்குக் கொடுமையாகத்தான் இருந்திருக்கும். கணக்கு தீர்ந்தது என்று சொல்லிக்கொள்வோமா? தீரவில்லை. அதற்குத்தானே நித்யாவைக் கேட்டனுப்பியிருக்கிறாய்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வைத்துக்கொள்கிறேன். கொண்டுவந்து விடு. நீயே வரவேண்டும், மொபெட்டில் கொடுத்தனுப்பக் கூடாது. அவள் தூங்கும்போது நழுவிப் போகாதே, விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுப் போ. நான் நீ தூங்கும்போது போனேன், எழுப்ப வேண்டாம் என்று அத்தைதான் சொன்னாள். நீ போன் செய்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ரிசீவரைக் காதில் வைப்பேன். வரமாட்டேன் என்றால் இழுத்து வருவேன். தூங்கினால் எழுப்புவேன். உன்னைப் பற்றி ஒரு சொல்கூடத் தப்பாக அவள் காதில் விழாது. உன் போட்டோவை ஹாலில் மாட்டி, தினம் அம்மா எங்கே என்று கேட்டுக் காட்டச் சொல்வேன். தனம் அத்தை செய்யாததெல்லாம் செய்வேன்.

இவ்வளவு செய்தாலும் நடக்கப்போவது நடக்கும். யாரும் கெட்டது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தினம் சோறு பிசைந்து ஊட்டுகிற கைக்கும், ரிப்பன் கட்டுகிற கைக்கும் குழந்தை தானாகப் போய்விடும். முதல் லீவில் நீ கறுத்துப்போய், முடி கொட்டி, கை நிறையச் சாமானோடு இந்த வாசலில் வந்து நிற்பாய். நித்யா என் முந்தானையைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டுவாள். நீ கை நீட்டுவாய். அவள் இறுக்குவாள். நான் செய்ய வேண்டியதை முறையாகச் செய்வேன். “போடி கண்ணு, உங்கம்மாடி” என்று சொல்லி அவளை முன்னால் தள்ளுவேன்.

நீ அப்போது குழந்தையைப் பார். இல்லாவிட்டால் கீழே வைத்த பெட்டியைப் பார். என் முகத்தை மட்டும் பார்க்காதே.

உன்னைப் பெற்றவள்